இறங்காத கையும் ட்ரையல் அக்காவும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. அது ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் மட்டும் பயன்படும் பெயர். மற்றபடி ஊருக்கே அவள் ட்ரையல் அக்கா. பேரன் பேத்தி எடுத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். போட்டுப் பார்க்காமல் அவள் தையல் கடையிலிருந்து ஒரு துணியும் வெளியே போனதில்லை. அவசரம், நாளைக்குப் பார்க்கலாம், என் அளவு எனக்குத் தெரியாதா என்று என்ன சொன்னாலும் சரி, திரைச்சீலைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றே ஆகவேண்டும்.

நின்றால் மட்டும் போதாது. முதலில் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் மேலே தூக்கி இறக்கவேண்டும். அடுத்து, கீழே கிடக்கும் துணி மூட்டையைக் குழந்தை என்று நினைத்துக் குனிந்து எடுக்கவேண்டும். கடைசியாக, எதிர்வரிசை சலூன்காரரைப் பார்த்து விரலை ஆட்டிச் சண்டை போடவேண்டும். நீதிபதி வந்தாலும் இதே மூன்றுதான், கல்யாணப் பெண் வந்தாலும் இதே மூன்றுதான். சலூன்காரர் பாவம், வருஷக்கணக்காக யார் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். அவரும் சளைத்தவரில்லை, கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்து பதில் கொடுப்பார்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஊருக்கே தெரிந்த கதைதான். கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு பெரிய ஆடை கம்பெனியில் கை வைத்துத் தைக்கும் வரிசையில் இருந்தாள். வருகிற சட்டைக்கெல்லாம் கையை மட்டும் ஒட்டுவாள், முழுச் சட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே சூப்பர்வைசரோடு ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தவள், கடனோ உடனோ வாங்கித் தனியாக ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதன்முதலில் தைத்த முழுச் சட்டை ஒரு பஸ் டிரைவருடையது. அதை அவர் போட்டுப் பார்க்காமலே வாங்கிப் போனார். மறுநாள் ஒரு திருப்பத்தில் ஸ்டியரிங்கை வளைக்கப் போனபோது அக்குளில் துணி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பஸ் விளக்குக் கம்பத்தில் போய் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை, கம்பம்தான் சாய்ந்துவிட்டது.

டிரைவர் கிழிந்த சட்டையோடு சண்டைக்கு வந்தார். அவள் சண்டை போடவில்லை. அவமானத்தில் அழுதுகொண்டே, பிரித்துத் திருப்பித் தைத்தாள். சரியாக வரும்வரை அவரைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். சட்டை சரியான பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. கடைசியில் சண்டைக்கு வந்தவரையே கட்டிக்கொண்டாள். சாய்ந்த கம்பத்தை ஊர் இன்னும் நிமிர்த்தவில்லை. அதைக் காட்டி, "இதுதான் அக்கா தைச்ச முதல் சட்டை" என்று சொல்லிச் சிரிப்பது ஊர்க்காரர்களுக்கு வழக்கம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பே ஒரு நாள் அவள் கழுத்துக்குச் சுருக்காக வருமென்று யார் கண்டது?

கடையில் அவளுக்கு இன்னொரு துணை காஜாக்காரம்மா. பட்டன் நுழையும் துளைக்குச் சுற்றிலும் நூல் கட்டுவதைத்தான் காஜா எடுப்பது என்பார்கள். எல்லோரும் அதற்கு மெஷின் வாங்கிய பிறகும் காஜாக்காரம்மா கையால்தான் எடுப்பாள். அக்காவைவிட மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அதிகம் பேசாதவள். கடைவாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் அவள் நாற்காலி. தெருவைப் பார்த்தபடி ஊசி ஓடும். இருவரும் ஒருவர் தட்டில் மற்றவர் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

இனி தலைவருக்கு வருவோம். ஊரில் பாதி அவருடையது. மீதிப் பாதி அவரிடம் வேலை பார்க்கிறது. அக்காவின் கடை இருக்கும் கட்டடமும் அவருடையதுதான். அவர் நகரத் தலைவர் பதவிக்கு நின்று வெற்றி பெற்றபோது, நன்றிக் கூட்டத்துக்கு உள்ளூர்க் கடையில் தைத்த கோட்டுதான் போடுவேன் என்று அறிவித்தார். எளிமையாம்! காரில் வந்து இறங்கி அளவு கொடுத்தார். ட்ரையலுக்கும் வந்தார். "நான் பஸ்ல போறதில்லையேம்மா" என்று சிரித்தவரை, "போகாட்டிப் பரவாயில்லை, தூக்குங்க" என்று அக்கா தூக்க வைத்தாள். கைகள் ஏறின, இறங்கின. மூட்டையை எடுத்தார். சலூன்காரரோடு மட்டும் சண்டை போடாமல் கும்பிட்டார். காஜாக்காரம்மா பட்டு நூலால் எடுத்திருந்த காஜாக்களைத் தடவிப் பார்த்து, "கையா இது, தங்கம்!" என்றார். அன்று முழுக்க காஜாக்காரம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை இருவரும் கடையில் டிவியில் பார்த்தார்கள். தங்கள் கோட்டு மேடையில் எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். நன்றாகவே விழுந்தது. பேச்சை முடித்த தலைவர் வலது கையை விறைப்பாக, உள்ளங்கை கீழே பார்க்க, தோளுக்கு மேலே நீட்டி அப்படியே நிறுத்தினார். பிறகு மறுபக்கம் திரும்பி இன்னொரு முறை. கூட்டத்தின் ஒரு மூலையில் சில கைகள் அதேபோல எழுந்து அவசரமாக மறைந்தன.

அது என்ன சைகை என்று அந்த ஊரில் பெரியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் தெருத்தெருவாக அணிவகுத்தது. பிழைக்க வந்த வெளியூர்க் குடும்பங்களின் வீடுகளைக் கொளுத்தியது. கொளுத்துவதற்கு முன் வீட்டு ஆட்களை வரிசையாக நிறுத்தி அந்த வணக்கத்தை வைக்கச் சொல்லும். பிற்பாடு அந்தக் கூட்டத்தைத் தடை செய்தார்கள், சைகையையும்தான். காஜாக்காரம்மா அப்படிக் கொளுத்தப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். அவளுடைய அண்ணனையும் கை தூக்கச் சொன்னார்கள். அவன் தூக்கவில்லை. தெருவுக்கு இழுத்துப்போனார்கள். திரும்பி வரவில்லை.

காஜாக்காரம்மா டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள். விரல் குத்துப்படாமல் மாட்டியிருந்த ஊசிக்குப்பியைக் கழற்றி டப்பாவில் போட்டாள். மறுநாள் வந்ததும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையின் பின்புறச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வாசல் வெளிச்சம் வெறுமனே விழுந்துகொண்டிருந்தது.

அப்புறம் தொடங்கியது சப்பைக்கட்டு. அம்மாடி, எத்தனை விதம்! தலைவரின் செய்தித் தொடர்பாளர் அவரைப்போலவே நல்ல வாட்டசாட்டமான மனிதர், குரலும் தேன். மக்களைப் பார்த்துக் கையசைத்தார் என்றார் முதலில். மேகமூட்டம்போல அது கலைந்ததும், பின்வரிசையில் நின்றவர்களை உட்காரச் சொன்னார் என்றார். அப்படியானால் மறுபக்கம் திரும்பியது எதற்கு என்று கேட்டார்கள். அங்கேயும் நின்றார்களாம். ஒரு பேராசிரியர் டிவிக்கு வந்து, பழங்காலத்தில் உழவர்கள் வெயிலை மறைக்க இப்படித்தான் கை நீட்டுவார்கள் என்று படம் போட்டு விளக்கினார். ஒரு டாக்டர் தோள்பட்டை நரம்பைப் பற்றிப் பேசினார். குளவி வந்தது என்றும் ஒருவர் சொன்னார், குளவியை மட்டும் யாரும் படம் பிடிக்கவில்லை.

பெரிய மனிதர்கள்தான் இப்படி என்றால், தெருவிலும் அதே கதைதான். "சும்மா கையைத் தூக்கினதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் பேக்கரிக்காரர். அவர் கெட்டவரில்லை. அவருடைய மகன் தலைவரின் ஆலையில் வேலை பார்க்கிறான், வேறென்ன. மனசுக்குப் பட்டதைச் சொன்னால் சோற்றுக்கு ஆபத்து என்கிறபோது, எந்தக் காதிலும் பூ நன்றாகவே நிற்கும்.

கடைசியில் ஒரு நண்பகலில் சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தார். "அக்கா, டிவியைப் போடு! உன்னத்தான் சொல்றாங்க!"

செய்தித் தொடர்பாளர் வருத்தமான முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். உண்மையில் தலைவர் மக்களைக் கும்பிடத்தான் கையைத் தூக்கினாராம். கோட்டின் அக்குள் இறுக்கமாக இருந்ததால் கை பாதியில் மாட்டிக்கொண்டதாம். இறக்க முடியவில்லையாம். ஓர் ஏழைத் தையல்காரியின் மனம் நோகக்கூடாது என்றுதான் தலைவர் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லையாம். "இதே பெண்மணி தைத்த சட்டையால் ஒரு பஸ்ஸே கம்பத்தில் மோதியிருக்கிறது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார். சாய்ந்த கம்பத்தின் படத்தையும் காட்டினார்கள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பொய் என்றால் பொய் என்று கத்தலாம். இது உண்மையை ஒரு முனையில் முடிந்துகொண்ட பொய். சாயங்காலத்துக்குள் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. நிம்மதியாக ஒரு காரணம் கிடைத்தால் யார் விடுவார்கள்? "அக்கா கோளாறுதானா? அட, நாங்க என்னவோ நினைச்சோம்" என்று பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தார்.

செய்தித் தொடர்பாளர் நேரிலும் வந்தார். தேன் குரலில்தான் பேசினார். "நாளைக்குக் காலையில கேமராவோட வர்றோம்மா. கோட்டைக் கொண்டுவர்றேன். ஆமா, அக்குள் இறுக்கமாப் போச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை. எங்க முன்னாலயே பிரிச்சுத் தளர்த்திக் கொடுத்துடுங்க. அவ்வளவுதான்." எழுந்து போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்தார். "கட்டடம் நல்லா இருக்கு. தலைவர் ரொம்ப நாளா இதை இடிச்சுக் கட்டலாமான்னு கேட்டுட்டிருக்கார். நான்தான் தள்ளிப் போட்டுட்டு வர்றேன்."

டிரைவர் கணவர் கையைப் பிசைந்தார். "சொல்லிட்டுப் போயேன். ஒரு வார்த்தைதானே? துணியில கோளாறு வராத தையல்காரங்க உண்டா? எனக்கு வந்துச்சே, நான் உன்னக் கட்டிக்கலையா?"

"உங்களுக்கு வந்தது என் தப்பு. அதுக்கு அழுதேன், திருப்பித் தைச்சேன். இது என் தப்பு இல்ல."

"கடை போயிடும்டி."

அவளுக்கும் அது தெரியும். அவள் பதில் சொல்லுமுன், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காஜாக்காரம்மா திரும்பாமலே பேசினாள்.

"நீ சொல்லிடு. உனக்குக் கடை வேணும், வீடு வேணும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் நான் இங்க உட்கார முடியாது. நாளைக்கு மதியம் பஸ் இருக்கு. என் தங்கச்சி மக வரச் சொல்லியிருக்கா."

அவள் காலடியில் ஒரு பை இருப்பதை அக்கா அப்போதுதான் பார்த்தாள். கோட்டு இறுக்கம் என்று தான் ஒரு வார்த்தை சொன்னால், அந்தக் கை வெறும் கையாகிவிடும். இவளுடைய அண்ணன் வீணாகச் செத்தவனாகிவிடுவான். அப்படிச் சொன்ன வாயோடு இவளை எப்படி இரு என்று கேட்பது? கடையா, இவளா? அன்று முழுவதும் அக்கா ஒரு தையலும் போடவில்லை.

காலையில் தெரு நிறைந்துவிட்டது. கேமராக்காரர்கள், மைக்குக்காரர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், அவர்களுக்கு டீ விற்கிறவர்கள். செய்தித் தொடர்பாளர் கோட்டைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வந்தார். நேரடி ஒளிபரப்பு தொடங்கியது. "பாவம், பயப்படாதீங்கம்மா. சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

அக்கா கோட்டை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். அக்குளைத் தடவினாள்.

"குறை இருந்தா நான் பிரிச்சுத்தான் கொடுக்கணும். அதுல மாத்துக் கருத்தே இல்ல" என்றாள். செய்தித் தொடர்பாளர் தலையாட்டினார். "ஆனா ட்ரையல் பார்க்காம நான் ஊசியைத் தொட மாட்டேன். இது கடை வழக்கம். எங்க இறுக்குதுன்னு தெரியாம எதைப் பிரிக்கிறது?"

"தலைவர் இப்ப வரமுடியாதேம்மா."

"நீங்க இருக்கீங்களே. அதே தோள், அதே உயரம். போடுங்க."

கூட்டம் சிரித்தது. மறுக்க வழியில்லை. கேமராக்கள் எல்லாம் அவரைத்தான் பார்த்தன. போட்டுக்கொண்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

"பஸ் கம்பியைப் பிடிங்க."

பிடித்தார்.

"இறக்குங்க. இறங்குதா?"

"இறங்குது. ஆனா கொஞ்சம்..."

"கொஞ்சம்னா எங்க? விரலை வச்சுக் காட்டுங்க, சாக்பீஸால குறிச்சுக்கறேன்."

அவர் விரல் அக்குளைச் சுற்றிச் சுற்றி வந்தது, எங்கேயும் உட்காரவில்லை. துணி மூட்டையைக் குனிந்து எடுத்தார். சலூன்காரரைப் பார்த்து விரலை ஆட்டினார். "போய்யா, நீதான் பெரிய ஆளு!" என்று சலூன்காரர் வழக்கம்போல ஆரம்பித்துவிட, தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. செய்தித் தொடர்பாளரும் சிரித்துவைத்தார். நல்லபடியாக முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

"ஒண்ணும் இறுக்கலையே" என்றாள் அக்கா. "அப்ப அந்த ஒரு அசைவுலதான் மாட்டுது போல. சரி, தலைவர் தூக்கின மாதிரி தூக்குங்க. பார்த்துடலாம்."

சிரிப்பு நின்றது.

அவர் கை இடுப்பளவு வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கிக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

"தூக்குங்க சார்."

"அது... அது இப்ப எதுக்கும்மா?"

"எதுக்கா? அதுல மாட்டினதாத்தானே சொன்னீங்க? வலது கை. நேரா. உள்ளங்கை கீழ."

"கேமராவுக்கு முன்னால நல்லா இருக்காதும்மா."

"ஏன் நல்லா இருக்காது? கையசைப்புதானே? பின்னால நிக்கிறவங்கள உட்காரச் சொல்றதுதானே? உழவர் வெயிலை மறைக்கிறதுதானே? குளவி ஓட்டுறதுதானே?" அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "பஸ் கம்பியைப் பிடின்னா பிடிச்சீங்க. சண்டை போடுன்னா போட்டீங்க. இதை மட்டும் ஏன் செய்ய மாட்டேங்கறீங்க?"

அவருக்கு நெற்றியில் வியர்த்தது. "கேமராவை நிறுத்துங்க" என்றார். யாரும் நிறுத்தவில்லை. தெருமுனையில் ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு வந்து நின்றது. நேற்று முழுக்கக் கையைப் பிசைந்த டிரைவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கத்தினார்.

"தூக்குங்க சார்! அக்கா சொன்னா தூக்கணும்!"

ஊரோடு சேர்ந்து அவரும் பெண்டாட்டியை அக்கா என்றுவிட்டார். அதை வைத்து இன்றுவரை வீட்டில் கேலி ஓயவில்லை. பஸ்ஸில் நின்றவர்கள் கம்பியைப் பிடித்தபடியே, "தூக்குங்க! தூக்குங்க!" என்றார்கள். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. பேக்கரிக்காரர்கூட வாயைத் திறந்துவிட்டார். இத்தனை பேர் கேட்டும் அந்தக் கை பையைவிட்டு வரவில்லை.

அப்போது கடைக்குள்ளிருந்து காஜாக்காரம்மா வந்தாள். சத்தம் தானாக அடங்கியது. செய்தித் தொடர்பாளர் முன்னால் போய் நின்று, கை புகுந்திருந்த கோட்டுப் பையையே பார்த்தாள்.

"எங்கண்ணனும் இப்படித்தான் தூக்க மாட்டேன்னு நின்னான். அது என்னன்னு அவனுக்குத் தெரியும்." நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். "உனக்கும் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். செய்தித் தொடர்பாளர் கோட்டைக் கழற்றி மெஷின் மேல் போட்டார். கூட்டம் வழிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கார்வரை நடந்தே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் தெரு ஆர்ப்பரித்தது பாருங்கள், விளக்குக் கம்பம் நிமிர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை!

அன்றிலிருந்து ஊரில் அந்தச் சைகைக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. டிவியில் யாராவது சப்பைக்கட்டு கட்ட வாயெடுத்தால், எதிரில் இருப்பவர், "சரி, செஞ்சு காட்டுங்க" என்பார். டாக்டர் செய்து காட்டவில்லை. பேராசிரியர் தண்ணீர் குடித்தார். நகர மன்றத்தில் தலைவரின் ஆட்களையே எழுப்பிக் கேட்டார்கள், ஒருவர் கையும் மேஜைக்கு மேலே வரவில்லை. ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், பேக்கரிக்காரரின் மகன் முன்வரிசையில் நின்றான். அந்தப் பருவம் முடிவதற்குள் தலைவர் பதவி விலகினார். தோள்பட்டை வலி என்று காரணம் சொன்னார். அந்தக் கடைசிச் சப்பைக்கட்டை மட்டும் ஊர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. கட்டடத்தை இடிப்பது பற்றி அப்புறம் யாரும் மூச்சுவிடவில்லை. ஊரே கண்வைத்திருக்கும் கடையை யார் தொடுவது?

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மதியம் பஸ் போய்விட்டது. ஓட்டியது அக்காவின் கணவர்தான். காஜாக்காரம்மா ஏறவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஹாரனை ஒரு முறை நீளமாக அடித்தார்.

அவள் தன் நாற்காலியைத் தூக்கி வந்து வாசல் வெளிச்சத்தில் போட்டாள். "அந்தக் கோட்டைக் கொடு" என்றாள். மடியில் விரித்து, தான் பட்டு நூலால் எடுத்த காஜாக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு ஊசிக்குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, முதல் காஜாவின் இரண்டு உதடுகளையும் சேர்த்துத் தைத்து மூட ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்றே?" என்றாள் ட்ரையல் அக்கா. அவளுக்கும் அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தி இருந்தாள்.

"என் வேலையை நான் திரும்ப எடுத்துக்கறேன். இனிமே இதை எவனும் மாட்டிக்கிட்டுப் பட்டன் போட முடியாது."

அக்கா எதிரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். கண் கலங்கியதால் இரண்டு முறை தவறிப்போனது. காஜாக்காரம்மா கடைசித் துளையையும் மூடிப் பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டுச் சிரித்தாள். வீடு எரிந்த நாளிலிருந்து அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. எதிரில் சலூன்காரர் சவரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.